ரிலே ‘டக்’ என்கிறதா, இல்லையா? மோட்டார்சைக்கிள் துணைக்கருவிகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

சாவியைத் திருப்பினால் ஃபாக் லாம்ப், யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம் ஆகியவை இயங்க வேண்டும். சாவியை எடுத்தால் அணைய வேண்டும். அதற்காகத்தான் ரிலே போடுகிறோம்: மெல்லிய வயரில் வரும் சிறு மின்சாரத்தால் தடித்த வயரின் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் அது. அந்த ஏற்பாடு கெட்டுப்போய், நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கொண்டுவந்து நிறுத்திய வண்டிகளில் திரும்பத் திரும்பக் கண்டவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் கையில் புதிய ரிலேயுடன்தான் வருவார்கள். ஆனால் பெரும்பாலும் பிடிபடுவது ரிலே அன்று. எர்த் வயரோ (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), டிரிக்கர் (ரிலேயை இயக்கும் மெல்லிய வயர்) எடுத்த இடமோதான். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் கீழுள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சோதனைக்கு வேண்டியவை

ஒரு சாதாரண மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு மீட்டர் நீள வயர், சில உதிரி ஃபியூஸ்கள் ஆகியவை போதும். சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் இவை எல்லாமே கிடைக்கும். டெஸ்ட் லாம்பை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அறுந்த வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். டெஸ்ட் லாம்போ மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஒருமுறை நினைவில் கொள்ள வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து, பேட்டரிக்கு மிக அருகில் வைத்த ஃபியூஸ் வழியாக, தடித்த வயர் 30ஆம் முனைக்கு வருகிறது. 87ஆம் முனையிலிருந்து துணைக்கருவிக்குச் செல்கிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஏதேனும் ஒரு வயரிலிருந்து, பொதுவாகப் பின்விளக்கு வயரிலிருந்து, மெல்லிய டிரிக்கர் வயர் 86க்கு வருகிறது. 85 எர்த்துக்குப் போகிறது. கீழே வரும் சோதனைகள் அனைத்தும் இந்த நான்கு எண்களை வைத்தே நடக்கின்றன. ரிலேயின் உடம்பில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்த படத்தை நம்பி வயர் போட்டவர்களின் கதை ஒன்று பின்னால் வருகிறது.

இனி, அமைதியான இடத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் என்றாலும் சரி, இன்ஜினை இயக்காமல் ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ‘டக்’ என்ற ஒலி கேட்டாலோ விரலில் தட்டினாலோ 85, 86 பக்கம் நலமாக உள்ளது. இல்லையென்றால் கோளாறு அந்தப் பக்கத்தில்தான்.

அறிகுறி: ‘டக்’ ஒலியே இல்லை, எதுவும் இயங்கவில்லை

முதலில் வண்டியின் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டிரிக்கர் அங்கிருந்து எடுக்கப்பட்டு, பின்விளக்கும் எரியவில்லை என்றால், வண்டியின் சொந்த ஃபியூஸ் போயிருக்கிறது. அதை மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பும்போதே மறுபடியும் எரிந்தால், ‘ஃபியூஸ் எரிகிறது’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள்.

பின்விளக்கு எரிகிறதென்றால், ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, சாவி திருப்பிய நிலையில் சாக்கெட்டின் 86ஆம் துளையைத் தொடுங்கள். எரியவில்லை என்றால் டிரிக்கர் இணைப்பில் பழுது. வயரை வெட்டாமல் கவ்விப் பிடிக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப்பைப் பயன்படுத்தியிருந்தால், மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் தகடு வயரின் உறையைக் கிழித்து உள்ளே சென்று நிற்கிறது, அதிர்வில் தளர்கிறது, கிழிந்த இடத்தில் ஈரம் புகுந்து செம்பு பச்சை நிறமாகிறது. ஆண்டு முழுவதும் மழையும் ஈரக்காற்றும் உள்ள நம் ஊரில் அந்தக் கிளிப் நீண்ட காலம் தாக்குப்பிடித்து நான் கண்டதில்லை. அதை அகற்றி, பச்சை பிடித்த பகுதியை வெட்டிவிட்டு, சால்டர் வைத்தோ நல்ல கிரிம்ப் போட்டோ, சூடு காட்டினால் சுருங்கும், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள்.

86இல் விளக்கு எரிகிறதென்றால், கிளிப்பைப் பேட்டரியின் பாசிட்டிவுக்கு மாற்றி 85ஆம் துளையைத் தொடுங்கள். இங்கே எரியாவிட்டால் எர்த் இல்லை. வண்டியின் சட்டத்தில் எர்த் போல்ட் போட்டிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள்: அடியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். நானும் ஒருமுறை என் சொந்த வண்டியில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ரிலே மாற்றிய பிறகே அந்தப் போல்ட்டைக் கழற்றினேன். அந்த மூன்று ரிலேக்களும் இன்றுவரை நல்ல நிலையில் என்னிடம் இருக்கின்றன. சட்டத்தைச் சுரண்டுவதைவிட, 85இன் வயரையும் துணைக்கருவிகளின் நெகட்டிவ் வயர்களையும் ஒன்றுசேர்த்துப் பேட்டரியின் நெகட்டிவுக்கே நேராகக் கொண்டுபோவது நல்லது.

இரு துளைகளிலும் விளக்கு எரிந்து, ரிலே மட்டும் ஒலிக்கவில்லை என்றால்தான் ரிலேயின் மேல் கை வைக்க வேண்டும். 85க்கும் 86க்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். வழக்கமான 12 வோல்ட் ரிலேயில் 60 முதல் 100 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் ரிலேயின் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) அறுந்துவிட்டது, புதியது வாங்குங்கள்.

அறிகுறி: ‘டக்’ கேட்கிறது, கருவி இயங்கவில்லை

கருவியின் சொந்த சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஹேண்டில்பாரில் உள்ள சிறிய சுவிட்ச் முழங்கை பட்டு அணைந்துபோய், வண்டி முழுவதையும் பிரித்தவர்களை அறிவேன்.

அடுத்து 30ஆம் துளையில் டெஸ்ட் லாம்ப். சாவி இல்லாமலேயே எரிய வேண்டும். எரியாவிட்டால் பேட்டரி அருகிலுள்ள ஃபியூஸையும், அதைவிட முக்கியமாக ஃபியூஸ் ஹோல்டரின் உள்ளேயும் பாருங்கள். ஃபியூஸ் நலமாக இருந்தும் ஹோல்டரின் கவ்விகள் விரிந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகியிருக்கலாம். உருகிய ஹோல்டரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

30இல் மின்சாரம் இருக்கிறதென்றால், ரிலே இல்லாத நிலையில், சாக்கெட்டின் 30ஐயும் 87ஐயும் கிளிப் வயரால் இணையுங்கள். கருவி இயங்கினால் ரிலேயின் காண்டாக்ட் (உள்ளே 30ஐயும் 87ஐயும் இணைக்கும் தொடுமுனை) கரிந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டில் 87இன் டெர்மினல் பின்னுக்குத் தள்ளப்பட்டு ரிலேயைத் தொடாமல் நிற்கிறது. இரண்டாவது காரணத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரியும், பலரும் பார்ப்பதில்லை. கிளிப் வயர் போட்டும் இயங்காவிட்டால் கோளாறு ரிலேயைத் தாண்டிச் சென்றுவிட்டது: கருவிக்குப் போகும் வயர், குறிப்பாக ஹேண்டில்பார் திரும்பும்போது மடங்கும் கழுத்துப் பகுதி, அல்லது கருவியின் எர்த், அல்லது கருவியே.

கருவி இயங்குகிறது, ஆனால் மங்கலாகவோ மெதுவாகவோ இயங்குகிறது என்றால், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைக் கருவியின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ வழி குறுகியிருக்கிறது. அதையே நெகட்டிவ் பக்கத்திலும் செய்யுங்கள். எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்து இணைப்புகளை மட்டும் பிரித்தால் போதும்.

அறிகுறி: சாவியை எடுத்த பிறகும் கருவி அணையவில்லை

இதில் மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் பிரித்தறிய மீட்டரோ டெஸ்ட் லாம்போ தேவையில்லை.

சாவி போட்டால் அணைந்து, சாவியை எடுத்தால் எரிகிறதா? அப்படியென்றால் ஐந்து முனை ரிலேயின் நடுவில் உள்ள 87ஏ முனையில் வயர் மாட்டியிருக்கிறீர்கள். அதை 87க்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது.

சாவி போடும் முன் அணைந்திருந்து, ஒருமுறை போட்ட பின் எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்கிறதா? சாவியை எடுத்த நிலையிலேயே ரிலேயைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். செருகிய பிறகு அணைந்தே இருந்து, அடுத்த முறை சாவி போட்டதும் மறுபடி பிடித்துக்கொண்டால், ரிலே தன்னைத்தானே பிடித்து வைத்திருக்கிறது. இது நல்ல மெக்கானிக்கையும் குழப்பும் கோளாறு என்பதால் சற்று விளக்குகிறேன். முன்பு யூஎஸ்பி சார்ஜரைப் பின்விளக்கு வயரில் நேராகச் சேர்த்திருப்பார்கள். பிறகு ரிலே போடும்போது 87இலிருந்தும் அதற்கு ஒரு வயர் கொண்டுவருவார்கள். பழைய இணைப்பை வெட்ட மறந்துவிடுவார்கள். சாவி போட்டதும் ரிலே மூடுகிறது. 87இல் வந்த மின்சாரம் சார்ஜர் வழியாகப் பழைய இணைப்பில் புகுந்து பின்விளக்கு வயருக்கும், அங்கிருந்து 86க்கும் வந்துவிடுகிறது. சாவியை எடுத்தாலும் 86க்கு மின்சாரம் நிற்பதில்லை. சார்ஜருடன் பின்விளக்கும் சேர்ந்து எரிந்துகொண்டிருப்பதே இதற்குச் சரியான அடையாளம். பழைய இணைப்பைத் தேடி வெட்டிவிடுங்கள். ரிலேயை மாற்றுவதால் பயன் ஏதுமில்லை.

பிடுங்கிச் செருகிய பின்னும் உடனே எரிகிறதா? அப்படியென்றால் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது. ரிலேயை விரலால் சுண்டினால் சில வேளை விட்டுவிடும். ஆனால் மறுபடி ஒட்டும். மாற்றுவதற்கு முன், ஏன் ஒட்டியது என்பதைப் பாருங்கள். மலிவான 40 ஆம்பியர் ரிலே என்று அச்சிட்டதை நம்பி இரட்டை ஹார்ன், விளக்கு எல்லாவற்றையும் ஒன்றிலேயே மாட்டியிருந்தால், ஹார்னுக்குத் தனி ரிலே கொடுங்கள்.

அறிகுறி: ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது, அல்லது வண்டு போல ரீங்கரிக்கிறது

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அடித்துக்கொண்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் இருக்க வேண்டியது 12.0க்குக் கீழே போயிருக்கும். ரிலேயை விட்டுவிட்டு பேட்டரியைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருமுறை அணைந்து மறுபடி வருவதென்றால் அது கோளாறே அன்று: முன்விளக்கு வயரில் டிரிக்கர் எடுத்திருந்தால், பல வண்டிகள் அந்த நொடியில் முன்விளக்கை அணைத்துவிடும். டேஷ்கேம் மறுபடி தொடங்குவது எரிச்சலூட்டினால் டிரிக்கரைப் பின்விளக்குக்கு மாற்றுங்கள். இங்கே மோட்டார்சைக்கிளுக்குப் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பதால் முன்விளக்கு வயரே வசதி என்று பலர் அங்கே எடுக்கிறார்கள்; நான் எடுப்பதில்லை.

சாலையில் குழியில் இறங்கும்போது மட்டும் அடித்துக்கொண்டால், 85 அல்லது 86இல் தளர்ந்த டெர்மினல். இன்ஜின் ஓடும்போது தொடர்ந்து ரீங்கரித்தால் டிரிக்கர் எடுத்த வயரே தவறு. பழைய சிறிய வண்டிகள் சிலவற்றில் முன்விளக்குக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் பாகம்) நேராக ஏசி மின்சாரம் வரும். இன்ஜினின் வேகத்தோடு ரீங்காரமும் ஏறி இறங்கும். புதிய விலை உயர்ந்த வண்டிகள் சிலவற்றிலோ பின்விளக்கு மின்சாரம் வேகமாக விட்டுவிட்டு வருவதால் ரிலே நடுங்கும். சில வண்டிகள் டேஷ்போர்டில் விளக்குப் பழுது என்றும் காட்டும். முதல் வகையில் வேறு டிசி வயரைத் தேடிக்கொள்ளலாம். இரண்டாம் வகையில் நீங்களாக வயரை வெட்டாதீர்கள்: அந்த வண்டிக்கென்றே விற்கப்படும் துணைக்கருவி இணைப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது அந்த வண்டியை அறிந்த பட்டறையிடம் விடுங்கள்.

அறிகுறி: ஃபியூஸ் எரிகிறது

எந்த ஃபியூஸ் என்பதே முதல் கேள்வி.

வண்டியின் பின்விளக்கு ஃபியூஸ், சாவியைத் திருப்பிய கணமே எரிந்தால், உள்ளே டயோடு (ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) வைத்த ரிலேயைத் தலைகீழாக வயர் செய்திருக்கிறீர்கள். சாதாரண ரிலேயில் 85, 86 இடம் மாறினாலும் பாதகமில்லை. டயோடு உள்ளதில் 86 பாசிட்டிவாகவும் 85 நெகட்டிவாகவும் இருந்தே ஆக வேண்டும். ரிலேயின் படத்தில் முக்கோணமும் கோடும் தெரிந்தால் டயோடு உள்ளது என்று பொருள். வயரை மாற்றிய பின் ரிலேயையும் மாற்றிவிடுங்கள். அந்த டயோடு பெரும்பாலும் போயிருக்கும்.

பேட்டரி அருகே நீங்கள் வைத்த ஃபியூஸ் எரிந்தால், 87இலிருந்து கருவிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் புதிய ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். எரியவில்லை என்றால் கருவியிலோ அதற்குப் போகும் வயரிலோ ஷார்ட். டேங்கின் அடியிலும் ஹேண்டில்பார் கழுத்திலும் உரசிய இடத்தைத் தேடுங்கள். சில நிமிடம் ஓடிய பின் எரிகிறதென்றால் சுமை அதிகம். கணக்கு எளியது: வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். 20 வாட் விளக்கு இரண்டு 40 வாட், அதாவது மூன்றரை ஆம்பியருக்குள்; சார்ஜருக்கு இன்னும் இரண்டு சேர்த்தாலும் 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஃபியூஸ் காப்பது வயரைத்தான். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் இருக்க, வயர்தான் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்கின் அடியில்.

வயரின் உறை கருகியிருந்தாலோ, கருகல் வண்டியின் சொந்த ஹார்னெஸ் (வயர்க் கட்டு) வரை பரவியிருந்தாலோ, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அறிகுறி: இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

2பி வகுப்பு (200 சிசி வரையிலான) வண்டிகள் பலவற்றில் பேட்டரி 3.5 முதல் 5 ஆம்பியர்-மணி வரைதான். ரிலே காயில் ஒன்று 120 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். இரவு பத்து மணிநேரம் அது மூடியே இருந்தால் 2 ஆம்பியர்-மணி வரை போய்விடும். மிகச் சிறிய பேட்டரியில் அது பாதிக்கும் மேல். ஆகவே நிறுத்திய வண்டியில் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அது விழித்திருக்கிறது.

கருவிகள் சரியாகவே அணைந்திருக்க, ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், முன்னர் சொன்ன கதை இதுதான். ரிலேக்களில் முனைகளின் அமைப்பு இரண்டு வகை. ஒன்றில் 30 இருக்கும் இடத்தில் மற்றதில் 86 இருக்கும். ஒருவகைக்குப் போட்ட வயரிங்கில் மறுவகை ரிலேயைச் செருகினால், பேட்டரி எந்நேரமும் காயிலை இயக்குகிறது. கருவியோ மெல்லிய பின்விளக்கு வயரிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. சாவியோடு எல்லாமே ஒழுங்காக எரிந்து அணைவதால் யாருக்கும் சந்தேகம் வராது. பேட்டரி மட்டும் மாதாமாதம் மாற்றப்படும். என்னிடம் வந்த வண்டி ஒன்றில் இப்படி இரண்டு பேட்டரிகள் போயிருந்தன.

ரிலே குளிர்ந்திருந்தால், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இடையே இணையுங்கள். அந்நிலையில் சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது. சில மில்லி ஆம்பியர் இயல்பு. அதற்கு மேல் காட்டினால் நீங்கள் சேர்த்த ஃபியூஸைக் கழற்றுங்கள். அளவு குறைந்தால் உங்கள் கருவிதான் காரணம். பெரும்பாலும், நிறுத்தியபோதும் பதிவு செய்வதற்காகப் பேட்டரியில் நேராக இணைத்த டேஷ்கேம். குறையவில்லை என்றால் வண்டியின் சொந்தக் கோளாறு, பட்டறைக்கு உரியது. ஓபியு என்னும் சாலைக் கட்டணக் கருவியின் வயரைச் சந்தேகித்துக் கழற்றவோ அதிலிருந்து டிரிக்கர் எடுக்கவோ கூடாது. அதை அங்கீகரிக்கப்பட்ட பட்டறைகளே தொட வேண்டும்.

அறிகுறி: மழையில் மட்டும் கெடுகிறது

ரிலேயைத் தலைகீழாக, முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு, சீட்டின் அடியில் பொருத்துங்கள். வயர் மேலிருந்து வந்தால் அதில் வழியும் நீர் சாக்கெட்டுக்குள் இறங்கும். ஆகவே வயர் ஒரு வளைவாகக் கீழே தாழ்ந்து பிறகு ஏறி வர வேண்டும். முனைகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (ஈரத்தைத் தடுக்கும், மின்சாரம் கடத்தாத கிரீஸ்) சிறிது. இன்சுலேஷன் டேப்பைப் பிரித்து எறியுங்கள். வெயிலில் பசை இளகி, மழையில் நீரைப் பிடித்து வைப்பது அதுதான்.

அறிகுறி: நெரிசலில் நின்றால் கருவிகள் மங்குகின்றன

வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஊர்ந்து செல்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இன்ஜின் மெதுவாக ஓடும்போது சிறிய வண்டியின் ஆல்டர்னேட்டரால் எல்லாச் சுமையையும் தாங்க முடியாது. எல்லாக் கருவிகளையும் போட்டு, ஐடிலில் பேட்டரியை அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்து, இன்ஜினை நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு ஏற்றினால் 14ஐ ஒட்டி வந்தால், வயரிங்கில் பிழையில்லை. நெரிசலில் ஃபாக் லாம்பை அணைத்துக்கொள்ள வேண்டியதுதான். சுற்றை ஏற்றியும் 13ஐத் தாண்டாவிட்டால், அல்லது 15 வோல்ட்டைத் தாண்டினால், ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரோ (ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை டிசியாக்கி அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் பாகம்) ஆல்டர்னேட்டர் காயிலோ பழுது. 15ஐத் தாண்டிய வண்டியை மேலும் ஓட்டினால் பேட்டரியும் விளக்குகளும் போகும். நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பட்டறைக்குப் போகும்போது

‘லைட் எரியவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ஓய்வு நிலை, ஐடில், 4000 சுற்று ஆகிய மூன்று நிலைகளில் எடுத்த வோல்ட் அளவுகளையும், ‘டக்’ ஒலி வருகிறதா என்பதையும், டிரிக்கர் எந்த வயரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேடும் நேரத்துக்கும் கூலி உண்டு. மூன்று ஆண்டுகளைக் கடந்த வண்டி ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போக வேண்டியிருப்பதால், கூடுதல் விளக்குகள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவைதானா என்பதையும் அதே வேளையில் பட்டறையில் கேட்டுக்கொள்ளலாம்.